தி லாஸ்ட் வி8: ஓரத்தில் இடிக்காமல் ஓட்டிப் பழக ஒரு முழு வழிகாட்டி

கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்காக 1985-இல் மாஸ்டர்டிரானிக் தன் எம்.ஏ.டி. லேபிளில் 2.99 பவுண்டுக்கு விற்ற கேசட் கேம் இது. மேலிருந்து பார்க்கும் கோணம், ஒரு கார், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். அணுகுண்டு வெடிப்பதற்குள் தளத்துக்குத் திரும்ப வேண்டும். சாலையை விட்டு விலகி இடித்தால் ஆட்டம் முடிந்தது. மாற்று உயிர் கிடையாது. முதல் சில வளைவுகளைத் தாண்டாமலேயே கைவிட்டவர்கள்தான் அதிகம்.

கேம் கடினமானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று எமுலேட்டரில், அதாவது பழைய மெஷினைப் போல நடிக்கும் நிரலில், ஓட்டுபவர்கள் கேமிடம் மட்டும் தோற்பதில்லை. தவறான வீடியோ முறை, தாமதமாகக் காட்டும் திரை, விரல் வழுக்கும் கேம்பேட் ஆகிய மூன்றிடமும் சேர்த்தே தோற்கிறார்கள். அவற்றைச் சரிசெய்யாமல் பாதையைப் பழகத் தொடங்கினால், தப்பான வேகத்துக்குக் கை பழகிவிடும். பிறகு அமைப்பைத் திருத்தும்போது பழகியதெல்லாம் வீண். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் மெஷின், அடுத்து கை, கடைசியில் பாதை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வைஸ் எமுலேட்டரின் சமீபத்திய பதிப்பு வேண்டும். அதில் எக்ஸ்64எஸ்சி என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். டெபியன் லினக்ஸ் தரும் வைஸ் தொகுப்பில் கமடோரின் ரோம் கோப்புகள், அதாவது மெஷினுக்குள்ளேயே இருந்த அடிப்படை நிரல்கள், இருக்காது. நிறுவி முடித்தும் திரை வராமல் விழிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கம்பியுள்ள கேம்பேடோ ஜாய்ஸ்டிக்கோ ஒன்று. ப்ளூடூத் வேண்டாம், காரணம் 4-ஆம் பகுதியில்.

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், அழிப்பான். இதைச் சிரித்துவிட்டுத் தாண்டுபவர்கள் இரண்டாம் நாள் தேடி எடுக்கிறார்கள்.

கேம் கோப்பைப் பொறுத்தவரை, டேப் வடிவம் ஒலிநாடாவின் துடிப்புகளை அப்படியே பதிந்தது. பிஆர்ஜி வடிவம் நினைவகத்தில் நேரே ஏற்றும் ஒற்றை நிரல். இரண்டும் ஓடும். ஆனால் இந்தக் கேம் அடாரி 8-பிட், ஆம்ஸ்ட்ராட் சிபிசி, கமடோர் 128 ஆகியவற்றுக்கும் வந்தது. தலைப்பை மட்டும் பார்த்து எடுத்தால் வேறொரு மெஷினின் கோப்பு கையில் வந்து சேரும். கமடோர் 64 என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘டிரெய்னர்’ எனும் ஏமாற்று வசதி சேர்த்து மாற்றிய பிரதிகளும் சுற்றுகின்றன. நேரத்தையோ மோதலையோ தொட்டிருக்கும். அவற்றில் பழகிய கை அசலில் உதவாது.

2. பால் முறைக்கு மாற்றுங்கள்

இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

பால், என்டிஎஸ்சி என்பவை அக்கால டிவிகளின் இரண்டு வீடியோ முறைகள்: பிரிட்டனில் பால், அமெரிக்காவில் என்டிஎஸ்சி. பிரிட்டனில் எழுதப்பட்ட கேம் என்பதால் இது பால் கமடோருக்கானது. பால் மெஷின் நொடிக்கு ஏறத்தாழ 50.12 முறை திரையை வரைகிறது. என்டிஎஸ்சி மெஷின் 59.83 முறை வரைகிறது. அக்கால கேம்கள் வண்டியின் நகர்வைத் திரை வரையும் கணக்கோடு கட்டிவைப்பது வழக்கம். என்டிஎஸ்சியில் ஓட்டினால் எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு வேகமாகிவிடும். ஏற்கெனவே நூலிழையில் தப்பும் வளைவுகள் அப்போது தப்பவே முடியாதவை ஆகும்.

வைஸில் அமைப்புகள் பகுதிக்குப் போய் மாடலில் ‘சி64 பால்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அமைப்புகளைச் சேமியுங்கள். தேர்ந்தெடுத்துவிட்டுச் சேமிக்காமல் மூடினால் அடுத்த முறை பழையபடியே திறக்கும். நேற்று முடிந்த வளைவு இன்று ஏன் முடியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அங்கேயே ஒலிச் சில்லின் மாடலையும் பாருங்கள். 6581, 8580 என இரண்டு வகை உண்டு; 6581-ஐ வையுங்கள். கேமில் பதிவுசெய்த மனிதக் குரல் வருகிறது. அந்தக் காலத்தில் குரலை ஒலிச் சில்லின் வால்யூம் பதிவேட்டை, அதாவது 54296 என்ற முகவரியை, மிக வேகமாக ஏற்றி இறக்கித்தான் உண்டாக்கினார்கள். 8580-இல் அந்த உத்தி சரியாக எடுபடாது. குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்துவிடும். ஓட்டத்துக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் ராப் ஹப்பர்டின் இசைக்காக மட்டுமே இதை லோட் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நஷ்டம்தான்.

3. ஜாய்ஸ்டிக்: எந்த போர்ட், எந்தப் பொத்தான்

கமடோர் 64-க்கு இரண்டு ஜாய்ஸ்டிக் போர்ட்கள். கேம் லோட் ஆகியும் கார் அசையவில்லையென்றால் கோப்பைக் குறை சொல்லாதீர்கள். ஆல்ட்+ஜே அழுத்தி போர்ட்டை மாற்றிப் பாருங்கள்.

போர்ட் 1 விசைப்பலகையோடு ஒரே கம்பிகளைப் பகிர்கிறது. அதில் செருகிய ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால், கட்டளை தட்டும் பேசிக் திரையில் சம்பந்தமில்லாத எழுத்துகள் வரும். அது கோளாறு அல்ல. லோட் கட்டளை தட்டும்போது மட்டும் ஜாய்ஸ்டிக்கில் கை படாமல் இருந்தால் போதும்.

கேம்பேடில் அனலாக் குச்சியைத் தவிர்த்து, சிலுவை வடிவத் திசைப் பொத்தானான டி-பேடில் ஓட்டுங்கள். கமடோர் படிப்பது ஐந்தே சுவிட்சுகளை: நான்கு திசை, ஒரு பொத்தான். ‘கொஞ்சம் இடது’ என்று அதற்குச் சொல்லவே வழியில்லை. அனலாக் குச்சியைக் கொஞ்சமாகச் சாய்த்தால் எமுலேட்டர் அதை முழுத் திருப்பம் என்று எடுத்துக்கொள்ளும், அல்லது கண்டுகொள்ளாது. இரண்டுமே வளைவில் கொல்லும்.

இந்தக் கேமில் சிறு திருத்தம் வேண்டுமென்றால் தட்டித் தட்டித்தான் திருப்ப வேண்டும். அதற்கு நறுக்கென்று அழுந்தும் சுவிட்ச் தேவை. அழுத்தும்போது கட்டைவிரல் மூலைக்கு வழுக்குகிறதா என்றும் சோதியுங்கள். திருப்பும்போது தெரியாமல் மேல்திசையும் சேர்ந்தால் வளைவில் வண்டி வேகமெடுக்கும். ‘தானாகவே ஸ்பீடு ஏறுது’ என்ற புகாரின் வேர் பெரும்பாலும் அந்தக் கட்டைவிரல்தான்.

விசைப்பலகையில் ஓட்டுவதானால், வைஸில் விசைத்தொகுப்பை வரையறுத்தால் மட்டும் போதாது. விசைத்தொகுப்பு ஜாய்ஸ்டிக்கை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் போட்டு, அதை ஒரு போர்ட்டுக்கும் ஒதுக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் வண்டி நகராது.

4. தாமதத்தைக் கழியுங்கள்

பால் முறையில் ஒரு ஃபிரேம், அதாவது திரை ஒருமுறை வரையும் படம், சுமார் 20 மில்லிவினாடி. உங்கள் டிவி படத்தை மெருகேற்ற 100 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், நீங்கள் பார்ப்பது ஐந்து ஃபிரேம் பழைய சாலை. வண்டி ஃபிரேமுக்கு 4 புள்ளி நகர்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஓரம் 20 புள்ளி பக்கத்தில் வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். சாதாரண கேமில் இதைச் சமாளிக்கலாம். இதில் திரையின் கீழ்ப்பகுதியை டாஷ்போர்டு பிடித்துக்கொள்வதால் சாலை தெரியும் ஜன்னலே சிறியது. வளைவு கண்ணில் படுவதற்கும் அதில் நுழைவதற்கும் இடையே இருக்கும் சொற்ப நேரத்தையும் டிவி தின்றுவிடுகிறது.

டிவியில் ‘கேம் மோடு’ போடுங்கள். மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்றால் அதற்கு மாற்றி வைஸில் விசிங்க்கை, அதாவது படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வசதியை, இயக்குங்கள். 60 ஹெர்ட்ஸ் லேப்டாப் திரையில் 50 படங்களை 60 இடத்தில் நிரப்ப வேண்டியிருப்பதால் சில படங்கள் இருமுறை வரும். சாலை நடுங்கி நடுங்கி உருளும். ஓட்டலாம், ஆனால் கண் சீக்கிரம் களைக்கும்.

ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் வைஸின் ஒலி பஃபரைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒலி கரகரக்கத் தொடங்கியதும் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். ப்ளூடூத் கேம்பேடும் ப்ளூடூத் ஸ்பீக்கரும் தத்தம் தாமதத்தைச் சேர்ப்பவை, இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

5. லோட் செய்தல்

டேப் கோப்பை இணைத்து தானாகத் தொடங்கவிடுங்கள். கையால் செய்வதானால் ஷிஃப்ட் + ரன்/ஸ்டாப். வைஸில் ரன்/ஸ்டாப் என்பது எஸ்கேப் விசை. ‘ஃபவுண்ட்’ என்று பெயரைக் காட்டிவிட்டு மெஷின் சில நொடி சும்மா நிற்கும். கமடோர் விசையைத் தட்டினால் உடனே தொடரும். வைஸில் அது இடது கன்ட்ரோல்.

பொறுமையில்லாதவர்கள் ஆல்ட்+டபிள்யூ போட்டு வார்ப் வேகத்தில் லோட் செய்யலாம். தலைப்புத் திரை வந்ததும் மறக்காமல் அதை அணையுங்கள். வார்ப் அணையாமல் ஆட்டத்தைத் தொடங்கினால் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ‘கேம் கரப்ட்’ என்று கோப்பை அழித்தவர்களும் உண்டு.

6. முதல் பத்து நிமிடம்: தோற்பதற்காகவே ஓட்டுங்கள்

தளத்தை மறந்துவிடுங்கள். கடிகாரத்தையும் பார்க்க வேண்டாம். இந்தப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டியவை நான்கே கேள்விகள்.

அசையாமல் நிற்கும் வண்டி, திசையைத் தொட்டதும் எப்படிக் கிளம்புகிறது? கையை எடுத்தால் தானாக வேகம் குறைகிறதா, அல்லது பின்னே இழுத்தால்தான் குறைகிறதா? ஒருமுறை தட்டினால் வண்டி எத்தனை படி திரும்புகிறது? வண்டி திரையில் கீழ்நோக்கி வரும்போது இடதைத் தட்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறது?

நான்காவது கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. வண்டி மேல்நோக்கிப் போகும்போது ஓட்டுபவரின் இடதும் உங்கள் இடதும் ஒன்று. கீழ்நோக்கி வரும்போது அப்படி இருக்க வேண்டியதில்லை. வேகத்தில் இதை யோசிக்க நேரம் கிடையாது. நின்ற இடத்திலேயே, எல்லாத் திசைகளிலும், கை தானாகப் போகும்வரை பழகுங்கள். குழப்பம் தீராவிட்டால் ஓர் உத்தி: திரையைப் பார்க்காமல் வண்டியின் மூக்கை மட்டும் பாருங்கள், நீங்கள் அதற்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் தலையையே சாய்த்து ஓட்டுகிறார்கள். பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் அது வேலை செய்கிறது.

7. பாதி வேகத்தில் வரைபடம் போடுங்கள்

வைஸில் வேகத்தை 50 சதவீதத்துக்குக் குறைக்கலாம். குறைத்துவிட்டு நோட்டை எடுங்கள்.

ஒவ்வொரு நேர்ப்பாதைக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை தட்டு, வளைவுக்குச் சற்று முன் திரையில் தெரியும் ஓர் அடையாளம். மூன்றாவது இல்லாத வரைபடத்தால் பயனில்லை. ‘இடது வளைவு வரும்’ என்று தெரிவது போதாது. எந்த மரத்தை, எந்தக் கோட்டைப் பார்த்ததும் தட்டத் தொடங்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். இந்தக் கேமில் வளைவைப் பார்த்துத் திருப்புபவர் இடிப்பார். வளைவுக்கு முன்பே திருப்பத் தயாராக இருப்பவர் போவார்.

ஆல்ட்+பி அழுத்தினால் ஆட்டம் உறைந்து நிற்கும். அடையாளங்களைக் குறிக்க இது உதவும். இடித்த இடத்திலும் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஐந்தாறு ஓட்டத்துக்குப் பிறகு பாருங்கள்: குறிகள் சிதறியிருக்காது, இரண்டு மூன்று இடங்களில் குவிந்திருக்கும். மீதிப் பாதையை நீங்கள் ஏற்கெனவே கற்றுவிட்டீர்கள்; இனி உழைக்க வேண்டியது அந்த இரண்டு மூன்று இடங்களில்தான்.

பாதி வேகத்திலேயே நாட்களை ஓட்டிவிடாதீர்கள். வரைபடம் முடிந்ததும் 100 சதவீதத்துக்குத் திரும்புங்கள். தட்டும் தாளம் வேகத்தோடு மாறுவதால், மெதுவான தாளத்துக்குப் பழகிய கை முழு வேகத்தில் தாமதமாகவே தட்டும்.

8. ஸ்னாப்ஷாட்டை எங்கே எடுப்பது

ஆல்ட்+எஃப்11 நிலையைச் சேமிக்கும். ஆல்ட்+எஃப்10 திரும்பக் கொண்டுவரும். தொடக்கத்திலிருந்து நூறு முறை ஓட்டுவதற்குப் பதில் கடினமான துண்டை மட்டும் நூறு முறை ஓட்டலாம்.

நேர்ப்பாதையில், வண்டி நேராக இருக்கும்போது மட்டும் சேமியுங்கள். வளைவின் நடுவில் சேமித்தால், திரும்பக் கொண்டுவந்த மறு ஃபிரேமிலேயே ஓரம் வந்து நிற்கும். கை விசையைத் தொடுவதற்குள் முடிந்துவிடும்.

இதைவிட நயவஞ்சகமான தவறு ஒன்று உண்டு. ஸ்னாப்ஷாட் வண்டியின் இடத்தோடு மீதி நேரத்தையும் சேர்த்தே சேமிக்கிறது. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து பாதி வழியில் சேமித்தால், அங்கிருந்து எவ்வளவு அழகாக ஓட்டினாலும் நேரம் போதாது. ஜெயிக்கவே முடியாத நிலையை மணிக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் ஒவ்வொரு சேமிப்பின்போதும் கடிகாரம் என்ன காட்டியது என்று வரைபடத்தில் எழுதுங்கள். அடுத்த முறை அதே இடத்துக்கு அதிக நேரம் மிச்சம் வைத்து வந்தால் பழையதை அழித்துப் புதியதை வையுங்கள்.

விரைவுச் சேமிப்புக்கு ஒரே ஓர் இடம்தான். புதியது பழையதை விழுங்கிவிடும். நல்ல நிலைகளை மெனுவழியே தனிப் பெயரிட்டு வையுங்கள்: ‘வளைவு07’ என்பதுபோல.

பயிற்சியைக் கடைசித் துண்டிலிருந்து தொடங்கி, பாதையின் ஆரம்பத்தை நோக்கி வாருங்கள். முன்னிருந்து பழகினால் முதல் துண்டு ஆயிரம் முறை பழகியிருக்கும், கடைசித் துண்டு மூன்றே முறை. கை நடுங்குவது கடைசியில்தான் என்பதால் அதுதான் நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

9. முழு ஓட்டம்

எல்லா இடத்திலும் வேகமாகப் போக முயல்வதுதான் இங்கே நடக்கும் பொதுத் தவறு. நேரத்தை நேர்ப்பாதையில் சம்பாதித்து வளைவில் செலவழியுங்கள். வரைபடத்தில் நீளமான கோடுகளை எண்ணுங்கள். அங்கே தயங்காமல் போங்கள். பெருக்கல் குறி குவிந்த இடங்களில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொட்டிவிடுங்கள். வளைவுக்குள் போன பிறகு வேகத்தையும் திசையையும் ஒரே கட்டைவிரலால் சமாளிக்க முடியாது.

ஒருமுறை ஓரத்துக்கு மிக அருகே போய்விட்டால் எதிர்ப்பக்கம் பலமாகத் திருப்பாதீர்கள். ஓரத்தில் இடிப்பதைவிட, பதறித் திருப்பி எதிரோரத்தில் இடிப்பதுதான் அதிகம். ஒரே தட்டு, பிறகு காத்திருங்கள்.

10. நகரம்

தளத்துக்கு வந்து சேர்ந்தால் அடுத்த கட்டம் கதிர்வீச்சு பரவிய நகரத்துக்குள். முதல் கட்டத்தின் கையை இங்கே கொண்டுவந்தால் உடனே தோற்பீர்கள். அங்கே ஒரே பாதையும் கடிகாரமும். இங்கே எந்தத் தெருவில் நுழைவது என்பதே கேள்வி. மறுபடி 50 சதவீதத்துக்குப் போய்ப் புதிய தாளில் தொடங்குங்கள். வளைவுகளுக்கு எண் போடுவதைவிடச் சந்திப்புகளுக்கு எண் போட்டு, ஆபத்தான தெருக்களைப் பென்சிலால் நிரப்பிவிடுங்கள்.

11. அசல் மெஷினுக்குப் போகிறவர்களுக்கு

எமுலேட்டரில் கை பழகிய பிறகு இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நாடாவைச் சுற்றி லோட் செய்துகொண்டே கற்பது நரகம்.

முதலில் மின்சாரப் பெட்டி. அசல் பெட்டியின் 5 வோல்ட் ரெகுலேட்டர் பழையதாகும்போது மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். அது நினைவகச் சில்லுகளைக் கொல்லும். மெஷினில் செருகும் முன் மல்டிமீட்டரால் 5-ஆம் பின்னுக்கும் 2-ஆம் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை சரி. அதற்கு மேல் காட்டினால் அந்தப் பெட்டியை ஒதுக்குங்கள். குளிர்ந்தபோது சரியாக இருந்து சூடானபின் ஏறும் பெட்டிகளும் உண்டு. புதிதாகத் தயாரித்த மாற்றுப் பெட்டி வாங்குவதே நிம்மதி.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்க மெஷின் வாங்கினால் இரண்டு வம்பு: அதன் பெட்டி 120 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் செருகினால் புகைந்துவிடும், மெஷினும் என்டிஎஸ்சி, அதாவது 2-ஆம் பகுதியின் தலைவலி அப்படியே.

ஜாய்ஸ்டிக்கையோ, கேசட் ஓட்டும் கருவியான டேட்டாசெட்டையோ மின்சாரம் ஓடும்போது செருகவும் பிடுங்கவும் வேண்டாம். போர்ட்டுக்குப் பின்னால் இருப்பது 6526 சில்லு. நிலைமின்சாரமே அதற்குப் போதும். சேகா மெகா டிரைவ் பேட் அதே ஒன்பது பின் அமைப்பில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அதன் மின்னமைப்பு வேறு. அடாப்டர் இல்லாமல் மாட்டக் கூடாது.

பழைய குழாய் டிவி கிடைத்தால் அதுவே சிறந்தது, தாமதமே இல்லை. எல்சிடி டிவிகள் பல, கமடோர் அனுப்பும் படத்தை, இரண்டு பாதிகளாகப் பிரித்து அனுப்பும் இன்டர்லேஸ் படமென்று தவறாக எண்ணி வரிகளைக் கோக்க உட்கார்ந்துவிடும். அங்கேயும் ஃபிரேம்கள் போகும். ஆன்டெனா கேபிளை விட, பின்னாலுள்ள வட்ட ஏவி சாக்கெட்டிலிருந்து எடுக்கும் படம் தெளிவு.

கேசட் ‘லோட் எரர்’ காட்டினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்து, நன்றாக உலரவிட்டு மறுபடி முயலுங்கள். அப்படியும் படிக்காவிட்டால் மட்டும் ஹெட்டின் பக்கத்திலுள்ள கோணத் திருகைத் தொடுங்கள். தொடும் முன் அதன் தற்போதைய நிலையை மார்க்கரால் குறித்துவைக்க வேண்டும். ஒரே தடவையில் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் நாடாவை முழுதாகச் சுற்றி மறுபடி லோட் செய்யுங்கள். உங்களிடமுள்ள மற்ற கேசட்டுகள் நன்றாக லோட் ஆகி இது மட்டும் ஆகவில்லையென்றால், வேலை முடிந்ததும் திருகை மார்க்கர் குறிக்கே கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் இந்த ஒன்றுக்காக மற்றவை அத்தனையும் படிக்காமல் போகும்.